குனியாத கொண்டை

எனக்கு வயது தொண்ணூற்று மூன்று. ஏழு பிள்ளைகளை ஆளாக்கினேன். வீட்டுக்காரரையும் சேர்த்தால் எட்டு. அதில் ஏழு பேர் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

போன வாரம் கனடாவில் இருக்கும் பேரன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைவெளேரென்று பனி. அதன் மேல் சக்கரமே இல்லாத ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் மேல் இவன், தலையில் பானை கவிழ்த்த மாதிரி ஒரு ஹெல்மெட்டோடு. அதை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் வகுப்பாம். சரிவில் போகும்போது உடம்பை மேட்டுப் பக்கம் சாய்க்க வேண்டுமாம். வழுக்கும் இடத்தில் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாதாம். புறப்படும் முன்னால் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். (இதைச் சொல்ல ஒரு வாத்தியார் வேறு.) "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது லா, பாட்டி" என்றான்.

எனக்கா புரியாது? இந்தப் பாடத்தை அவன் அப்பன் பிறப்பதற்கு முன்பே, கைலி கட்டிய ஒரு வாத்தியாரிடம் படித்து, சாக்கடையில் விழுந்து தேறியவள் நான்.

அப்போது மலாயாவில் கம்யூனிஸ்ட் காலம். அரசாங்கம் அதை அவசரகாலம் என்றது. எங்கள் ரப்பர் தோட்டம் ரவாங் பக்கம், மேட்டுக்காடு. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே வாசல், வாசலில் சோதனை. காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குச் சோறு போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். பிடிபட்டால் சிறை. பால்மரம் வெட்டப் போகிறவர்களே வெறும் வயிற்றோடுதான் போனார்கள்.

என் தங்கை ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிள்ளை, நிறைமாதம். ஆயுத பூசைப் பொரி வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிறவளுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் பொரியும் அரிசிதானே.

இனி வாத்தியாருக்கு வருகிறேன். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால் கொட்டகையில் வேலை. எங்கள் லயத்தில் அவர் ஒருவரிடம்தான் சைக்கிள் இருந்தது. அதனாலேயே உலகத்துச் சாலைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஈரச் செம்மண்ணில் முன் பிரேக்கைத் தொடக்கூடாது, சதுப்பில் இறங்கித் தள்ள வேண்டும், பலகைப் பாலத்தில் சக்கரத்தைப் பார்க்காமல் அக்கரையைப் பார்க்க வேண்டும் என்று சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி தினமும் பாடம் நடக்கும். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. (தெரிந்தாலும் கொடுக்கப் போவதில்லை.) ஆனாலும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. கட்டினவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேன். அந்த வயதில் என் அறிவுக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் தலைமுடிக்குப் போயிருந்தது.

பூசைக்கு முதல்நாள் சைக்கிளை என்னிடம் விட்டு, "ரிம்முல என் முகம் தெரியணும், புள்ள" என்றார். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். முகம் தெரியவில்லை. சட்டியைத் துலக்கி எண்ணெய் தடவினால் பளபளக்குமே என்று தேங்காய் எண்ணெயை எடுத்து, இரண்டு ரிம்மையும் சுற்றிச் சுற்றித் தடவினேன். முகம் தெரிந்தது. அவர் வந்து குனிந்து பார்த்தார், மீசையை முறுக்கினார், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் கட்டை அந்த ரிம்மைத்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூசை. அதற்கு மறுநாள் சந்தனமும் குங்குமமுமாகச் சைக்கிள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. தங்கை வீட்டில் ஓர் இரவு தங்க அனுமதி வாங்கியிருந்தோம். பொரியைத் துணியில் முடிந்து, அதைச் சுற்றி என் கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தேன். அவிழ்த்தால் முழங்காலைத் தொடும் கூந்தல். வாசலில் சோதனை போடும் அம்மாள் மடியைத் தட்டினாள், இடுப்பைத் தடவினாள், கொண்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். (பொறாமை.) கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

மழைக்காலம். பாதை முழுக்கச் சேறு. அவர் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம், அதனால் பிரேக்குக்கு வேலையே வரவில்லை. பாடம் மட்டும் நிற்கவில்லை. பலகைப் பாலத்தில் அக்கரையைப் பார்க்கச் சொன்னார். நான் அவர் முதுகைப் பார்த்தேன், வேறு என்ன தெரியும்?

கடைசியில் பெரிய சாலைக்கு இறங்கும் செம்மண் மேடு வந்தது. இறக்கத்தின் அடியில் மூங்கில் தடுப்பு, மணல் மூட்டை, துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரக் காவலர். நில் என்றால் நிற்க வேண்டும், நிற்காததைச் சுடலாம் என்பது உத்தரவு. அதற்கு முந்திய வாரம் ஒரு மாடு நிற்கவில்லை. அந்த மாட்டுக்காரர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

"பாத்துக்க, இங்கதான் பின் பிரேக்க மெதுவாப் பிடிக்கணும்" என்று சொல்லிப் பிடித்தார். பிடித்தது அவர் கை மட்டும்தான். முன் பிரேக்கையும் பிடித்தார், தொடக்கூடாது என்று தினமும் சொன்ன அதே பிரேக்கை. சைக்கிள் இன்னும் சந்தோஷமாக ஓடியது. மழைத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து ரிம் வெண்ணெயாகியிருந்தது.

"குதிடி" என்றார்.

"சேலையோடயா?"

பிறகு அவர் எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை.

கீழே காவலர் கையை நீட்டி, "பெரெந்தி!" என்று கத்தினார். நில் என்று அர்த்தம், அது லயத்துக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர். "தாக் போலே, துவான்" என்று பதில் சொன்னார். முடியாதுங்க ஐயா என்று துப்பாக்கியிடம் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். துப்பாக்கி உயர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரவிக்கைக்குள் இருந்த அடையாள அட்டையை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தேன். குண்டு வந்து, படத்தைப் பார்த்து, ஆள் சரிதான் என்று திரும்பிப் போய்விடும் என்று நினைத்திருப்பேன் போல.

அந்த அட்டையைப் பார்த்துத்தானோ என்னவோ, காவலர் சுடவில்லை. தடுப்பு முகத்துக்கு நேரே வந்தது. வீட்டுக்காரர் குனிந்தார். நானும் குனிந்தேன். என் கொண்டை குனியவில்லை.

மூங்கில் கொண்டையைப் பிடித்து இழுத்தது. கூந்தல் அவிழ்ந்தது, துணி கிழிந்தது, பொரி வானத்துக்குப் போய் நிதானமாகக் கீழே வந்தது. மணல் மூட்டை மேல், துப்பாக்கி மேல், காவலர் தொப்பி மேல், எங்கும் வெள்ளை. வீட்டுக்காரர் சைக்கிளோடு சாக்கடையில் இருந்தார். நான் அவர் மேல் இருந்தேன்.

காவலர் தன் தோளில் இருந்து ஒரு பொரியை எடுத்து என் முன் நீட்டினார். "இது என்ன?" என்று மலாயில் கேட்டார். அரிசி என்றால் சிறை. தங்கையின் பிள்ளையைப் பார்க்க முடியாது. சாக்கடைக்குள் இருந்து வாத்தியாரின் குரலே வரவில்லை.

தலையிலிருந்து விழுந்தது வேறு என்னவாக இருக்க முடியும்? "பூங்ஙா, துவான்" என்றேன். பூ ஐயா.

அவர் என்னைப் பார்த்தார். என் வயது பெண் அவர் வீட்டிலும் இருந்திருப்பாள். பூவை வாயில் போட்டு மென்றார். "ருசியான பூ" என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் ஒரு பூகூட மிச்சம் இருக்கக் கூடாது, பொறுக்கி இங்கேயே தின்றுவிட்டுப் போங்கள் என்றார். சேறும் பொரியுமாகத் தின்றோம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சாப்பிட்டதில் அதுதான் பேச்சில்லாத ஒரே சாப்பாடு.

வளைந்த சைக்கிளை அங்கேயே விட்டு ஈஜோக்குக்கு நடந்தோம். பாதி வழியில்தான் அவருக்கு வாய் திரும்பியது.

"ரிம்முக்கு எண்ணெ எவ போட்டா?"

"அதப் பாத்து மீச முறுக்குனது யாருங்க?"

மீதி வழிக்கு அவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார்.

தங்கை கதையைக் கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உக்காரு அக்கா" என்று என்னை முன்னால் உட்கார வைத்து, கூந்தலைப் பிரித்து, பேன் பார்ப்பது போலப் பார்த்தாள். உள்ளே சிக்கியிருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "தேங்கா எண்ணெ வாசம் அடிக்குது" என்று குறையும் சொன்னாள். கேட்டது கிடைத்துவிட்டது அவளுக்கு.

வீட்டுக்காரர் சாகும்வரை அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொன்னார், தான் எப்படிச் சாமர்த்தியமாகக் குனிந்தேன் என்பதை மட்டும். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது புதுக் கார் வாங்கினால் முதல் கேள்வி, "ரிம்முக்கு எண்ணெ போட்டாச்சா?" என்பதுதான். கனடாக்காரனுக்கு அவன் வாத்தியார் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பனி கொட்டுகிறது என்று பெருமையாகக் காட்டுகிறான். கொட்டட்டும். நான் கொட்டியதைத் தின்னவாவது முடிந்தது.

போதும்மா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படி. எண்ணெ வர்ற இடத்த மெதுவாப் படி. போட்டவ பேரு இருக்கட்டும், போடச் சொன்னவர் பேரு முன்னால வந்திருக்கணும்.