மானமும் மடிப்புடவையும் கப்பலேறிய நாள்

ஓய்வெடுக்கப் போகிறோம் என்று கிளம்பிப் போனவர்களில் ஓய்வாகத் திரும்பி வந்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டிலேயே காலை நீட்டிப் படுத்தால் கிடைக்கிற சமாசாரத்துக்கு மூட்டை கட்டி, பஸ் பிடித்து, வெயிலில் வரிசையில் நின்று அல்லாடுவானேன்? இந்த ஞானம் எனக்கு இப்போது இருக்கிறது. எழுபதுகளின் ஆரம்பத்தில், கல்யாணமாகி ஆறு மாதமே ஆன புதுப்பெண்ணாக நான் திருவனந்தபுரத்தில் குடித்தனம் செய்தபோது இல்லை.

எங்கள் வீடு கரமனை அக்ரஹாரத்தில் இருந்தது. ரயில் மாதிரி நீளம். ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டுமானால் நடுவில் இருக்கிற எல்லா அறைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். மாமனார், மாமியார், மைத்துனர்கள், காலேஜில் படிக்க வந்து தங்கியிருந்த உறவுக்காரர்கள் என்று யாராவது ஒருவர் எந்நேரமும் தாண்டிக்கொண்டேயிருப்பார்கள். என் வீட்டுக்காரர் மணி, "இன்னிக்குக் கடையில..." என்று என்னிடம் ஆரம்பித்தால் போதும், அந்த வழியாகப் போகிறவர் "என்னடா கடையில?" என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். (கடையில் நடந்த விஷயத்தை அவரிடமிருந்துதான் நான் மறுநாள் தெரிந்துகொள்வேன்.)

ஆறு மாதத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியதில்லை. அந்த மனுஷன் சிரித்துக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு நகை வேண்டாம், பட்டு வேண்டாம், ஒரே ஒரு நாள் இவரோடு தனியாக உட்கார்ந்து பேசினால் போதும் என்று ஏக்கமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் வெட்கம் கெட்டவள் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

இவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தார். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாரோ ஒரு கம்பெனிக்காரன் பழைய பயணிகள் கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து வலியதுறைக் கடல்பாலத்துக்கு எதிரே நிறுத்தியிருந்தான். காலையில் ஏறினால், கடலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். முதலாளி இவரைக் கூப்பிட்டு இரண்டு பாஸ் கொடுத்து, "புதுக் கல்யாணமல்லே சாமி, ஒரு நாள் சுகமா இருந்துட்டு வாரும்" என்றிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மரியாதை தெரிந்த மனிதர். "அம்மையையும் விட்டுடாதேயும், கேட்டோ" என்று மூன்றாவதாக ஒன்றும் கொடுத்துவிட்டார்.

அந்த மூன்றாவது பாஸை வழியில் கரமனை ஆற்றில் விட்டிருக்கலாமா இல்லையா? இவர் நேரே கொண்டுபோய் அம்மா கையில் வைத்தார்.

"எந்த ஊருக்குடா போறது கப்பல்?" என்று கேட்டார் மாமியார்.

"எந்த ஊருக்கும் போகலைம்மா. சுத்திட்டு இங்கேயே வந்துடும்."

"இங்கேயே வரதுக்கு எதுக்குடா இங்கேர்ந்து போகணும்?"

இவர் யோசித்தார். நானும் யோசித்தேன். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த குழப்பம், கடல் தாண்டினால் தோஷமாயிற்றே என்பது. புரோகிதம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் கேட்டதில், கரை கண்ணுக்குத் தெரிகிறவரை அது தாண்டினதாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டார். பாவி மனுஷர். எனக்கிருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று.

மாமியாருக்கு உயிர் என்றால் அது மடிதான். மடி என்றால், குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்டபின் யாரும் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் திரும்பவும் குளியல். வீட்டில் அவருடைய ஒன்பது கஜம் விட்டத்தையொட்டிக் கட்டிய மூங்கிலில், கொக்குக்கு எட்டாத உயரத்தில் காயும். அதைப் போடவும் எடுக்கவும் தனியாக ஒரு நீளக் கோல் உண்டு. மடி இல்லாமல் அவர் சாப்பிட்டதாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது.

அன்று காலை நல்ல மஞ்சள் ஒன்பது கஜத்தில் கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம், அடுத்து ஒரு பை, அதற்கடுத்து இவர், அதற்கப்புறம் நான். (ஆரம்பமே இப்படி.) கடல்பாலத்திலிருந்து படகில் போய்க் கப்பலின் ஏணியில் ஏற வேண்டும். மாமியார் பாதி ஏணியில் தடுமாறினாரோ இல்லையோ, ஒரு மாலுமி "ஐயோ, அம்மச்சி வீழும்!" என்று பதறி, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி மேலே வைத்துவிட்டான்.

"தொட்டுட்டானே!" என்ற அலறல் விழிஞ்ஞம் வரைக்கும் கேட்டிருக்கும். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உயிரைக் காப்பாற்றினால் இந்த ஊரில் திட்டுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏறினதும் ஏறாததுமாகக் குளியல். கட்டியிருந்த புடவையையும் அலசியாயிற்று. பையிலிருந்த மாற்றுப்புடவை நான் மடித்து வைத்தது, அதனால் அது மடி இல்லை, காயும்வரை சுற்றிக்கொள்ள மட்டும்தான் ஆகும். அலசினது காய்ந்து, அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தூக்கில் கொண்டுவந்த தயிர்சாதம். அதுவரை பச்சைத் தண்ணீர் கிடையாது. ஆனால் காயப்போடுவது எங்கே? கீழே இருக்கிற கம்பியிலெல்லாம் ஜனங்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சரோஜா, மேல எங்கயாவது எடம் இருக்கா பாரு."

பார்த்தேன். கப்பலின் பின்பக்கம், ஆளரவமில்லாத மூலையில் உயரமாக ஒரு கம்பம். உச்சியில் ஒரு கப்பி, அதிலிருந்து தொங்கும் கயிறு, கயிற்றில் துணியை மாட்டக் கொக்கிகள். மாமியாருக்குக் கண்கலங்கிவிட்டது.

"கப்பல்காராளும் நம்மளவாளாத்தான் இருக்கணும்டி. மடிக்குன்னே எவ்வளவு அழகா பண்ணி வெச்சிருக்கா!"

அவர் கொக்கியில் மாட்டினார். நான் புடவையைத் தொடாமல் கயிற்றை மட்டும் இழுத்தேன். மஞ்சள் ஒன்பது கஜம் சரசரவென்று மேலே போய்க் காற்றில் படபடத்தது. அது என்ன கம்பம், என்ன கயிறு என்று கேட்கத் தோன்றவில்லையா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். சத்தியமாகத் தோன்றவில்லை. மாமியார் என்னைப் பார்த்து "சமத்து" என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரை மறைகிறதா என்று கண்கொட்டாமல் காவல் காத்தபடி அவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார். கப்பல் திரும்பினால் எழுந்து அந்தப் பக்கம் போவார். காய்ந்த புடவையை இறக்கக்கூட அந்தக் காவலை விடவில்லை. ஆகா, இதுதான் சமயம் என்று, கப்பல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கக் கம்பியோரம் நின்றோம். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரோஜா, ஒன்கிட்ட ஆறு மாசமா ஒண்ணு சொல்லணும்னு..."

நான் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தேன். "சொல்லுங்கோ."

சொல்லவில்லை. முகம் வாழைக்காய் நிறத்துக்கு மாறியது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். என்ன ஆச்சு என்று நானும் பின்னால் ஓடினேன். கப்பல் ஒரு ஆட்டம் ஆடியது. அதற்கப்புறம் நான் எதற்காக ஓடினேன் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பார்த்தால் கப்பல் முழுக்க அப்படித்தான். சமையற்காரர் உட்பட ஒருவர் பாக்கியில்லை. கப்பல்காரர்கள் பக்கெட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருந்ததில், பின்பக்கக் கம்பத்தை அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. வெறும் வயிற்றோடு இருந்த மாமியார் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் கடல்பாலத்துக்கு எதிரே வந்து நின்றோம். எங்களை இறக்க வேண்டிய படகுகள் பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டன. கேப்டன் ஹாரன் அடித்தார். படகுகள் பின்னால் போயின. இன்னும் பலமாக அடித்தார். இன்னும் பின்னால் போயின. கடைசியில் ஒரு படகிலிருந்து ஒருவர் வாயில் கூம்புக் குழாய் வைத்துக் கத்தினார்: "எத்தற பேருண்டு?"

பயணிகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்த கேப்டன், "எல்லாரும் உண்டு! ஒருத்தரும் பாக்கியில்லை!" என்று பெருமையாகப் பதில் கொடுத்தார். அந்தப் படகு போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். கப்பலில் மஞ்சள் கொடி பறந்தால் தொற்றுநோய்ச் சமாசாரம், டாக்டர் வந்து பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று அர்த்தமாம். சாதாரணமாக அது துண்டு அளவுதான் இருக்குமாம். ஒன்பது கஜத்துக்குக் கொடியைப் பார்த்தவர்கள், இத்தனை பெரிய வியாதியா என்று நடுங்கிப்போயிருக்கிறார்கள்.

டாக்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார். ஏறினவர் கண்ணில் பட்டதெல்லாம் பக்கெட்டும் வாந்தியும்.

"கப்பல் எவிடேர்ந்து வருது?" என்று கேப்டனைக் கேட்டார்.

"இங்கேர்ந்துதான்."

"எங்க போகுது?"

"இங்கதான்."

டாக்டர் கேப்டனின் நெற்றியில் கைவைத்து ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

வாந்தி எடுத்தவர்களை இரண்டிரண்டு பேராக அறைகளில் போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். கப்பலிலேயே திடமாக இருந்த ஒரே ஜீவன் மாமியார். அவரைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, எல்லாரும் கேட்க உத்தரவு போட்டார்: "இந்த அம்மையை ஆரும் தொடக்கூடாது, கேட்டோ! கிட்டவே போகக்கூடாது!"

மாமியாரின் முகத்தில் அப்படியொரு ஒளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "கவர்மெண்டே சொல்லிடுத்து பாத்தியா!" என்றார்.

அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த அறையில்தான் நானும் இவரும். கதவு சாத்தியாயிற்று. நடுவில் ஒரே ஒரு பக்கெட். ஆறு மாதமாக நான் ஆசைப்பட்ட தனிமையைக் கடவுள் இந்த ரூபத்தில் அனுப்பியிருந்தார்.

"ஏதோ சொல்ல வந்தேளே?" என்றேன், முறை முடிந்து பக்கெட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு.

"எனக்கு... எனக்கு வெந்தயக் குழம்பு பிடிக்காது."

"என்னது?"

"வாரத்துல நாலு நாள் பண்றியே. அம்மா எதிர்ல எப்படிச் சொல்றது?"

"உங்களுக்கு உசிருன்னு அம்மாதானே சொன்னா! எனக்கு அந்த வாசனையே ஆகாது. மூச்சைப் பிடிச்சுண்டுன்னா பண்ணிண்டிருக்கேன்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் வராத கைப்பம்பை அடித்தால் வருமே, அந்தச் சத்தம். பயந்துவிட்டேன். அதுதான் அவர் சிரிப்பு! எனக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பும் வாந்தியுமாக, விளக்கேற்றுகிற நேரம்வரை பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வாந்தி எடுத்ததே இல்லை.

கதவைத் திறந்தபோது டாக்டரும் கேப்டனும் வெளியே நின்றார்கள். கிருமிக்குப் பயந்து புடவையை ஒரு நீளக் கோலின் நுனியில், கையைத் தூர நீட்டிப் பிடித்திருந்தார்கள்.

"இந்தக் கொடி ஆருடேது?"

"என்னோட மடி," என்று எழுந்தார் மாமியார். "தொடாம கோலால எடுத்துண்டு வரா பாருடா. என்ன ஆசாரம், என்ன ஆசாரம்!"

உண்மை புரிந்ததும் டாக்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பயணிகள் எங்களைப் பார்த்த பார்வையில் புடவை பற்றி எரிந்திருக்க வேண்டும். இவருடைய முதலாளி அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு சர்க்கஸ் பாஸ்கூடக் கொடுத்ததில்லை. மாமியார் மட்டும் உலர்ந்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் படகில் இறங்கினார்.

பஸ்ஸில் திடீரென்று கேட்டார்: "உள்ள என்னடி அப்படிச் சிரிச்சேள்? மணி சிரிச்சு நானே பாத்து ரொம்ப வருஷமாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை வெந்தயத்தை எடுத்தேன். "வேண்டாம், வை" என்றார் மாமியார். (கதவு அவ்வளவு மெல்லிசு என்று யாருக்குத் தெரியும்?) அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சள் ஒன்பது கஜத்தைக் கொல்லையில் உலர்த்தி, மாமனாரிலிருந்து எல்லாரையும் அங்கே வரச் சொன்னார். "புடவை காயறவரைக்கும் ஒத்தரும் உள்ள போகப்படாது. மணியும் சரோஜாவும் மட்டும் உள்ள இருக்கட்டும்" என்றார். ஏன் என்று மாமனார் கேட்டதற்கு, "வியாதிக்காரா" என்று ஒரே வார்த்தைதான் பதில். மாமியார் இருந்தவரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புடவை காய்ந்தது. மழைக்காலத்திலும் காய்ந்தது.

இப்போது நான் மாமியார். போன வாரம், இந்தக் கப்பல் கதையைக் கேட்டே வளர்ந்த என் பிள்ளையும் நாட்டுப்பெண்ணும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற ஒரே மஞ்சள் புடவையை நனைத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து நாட்டுப்பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா, உங்க பிள்ளை பக்கெட் எங்கேன்னு கேக்கறார்!"

பக்கத்தில் கைப்பம்பு அடிக்க ஆரம்பித்தது.