அறம், பொருள், இன்பம், ஒரு மலாய்ப் புத்தகம்

படிப்பகத்துக்குள்ளேயே ஒரு புத்தகத்தைத் தொலைக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். நான் ஒரு படிப்பகத்தையே அதன் அலமாரிகளுக்குள் தொலைத்தவன்.

போன மாதம் என் பேத்தி அமுதா கைப்பேசியை நீட்டினாள். ஒரு பொது நூலகத்தின் இணையத்தளத்தை அவள்தான் அமைக்கிறாள். விரலால் தள்ளத் தள்ளப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு நூலகம் முழுக்க உள்ளங்கையில்! "எல்லாம் இருக்கு தாத்தா. ஆனா யாரும் உள்ள வர மாட்டேங்கறாங்க" என்றாள். முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'வளங்கள்', 'சேவைகள்', 'திரட்டுகள்' என்று மூன்று பெரிய கட்டங்கள். எட்டிப் பார்த்த என் மனைவி சரோஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. (என் மானம் போன கதையை அறுபது வருஷத்துக்கும் மேலாக அவள்தான் சொல்லி வருகிறாள். இன்று நானே சொல்லிவிடுகிறேன்.)

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. மலாக்கா காஜா பேராங்கில் நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து, ஒரு கடைவீட்டின் முன்னறையில் படிப்பகம் திறந்தோம். எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய புத்தகங்கள். நமக்கென்று ஒரு நாடு, நமக்கென்று ஒரு படிப்பகம்! கதவைத் திறந்ததும் வரும் அந்தப் பழைய தாள் வாசனைக்கே நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

சாவி என் கைக்கு வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. அதுவரை புத்தகங்கள் மேசைமேல் குவிந்து கிடந்தன. வந்தவர்கள் கிளறி எடுத்துப் போனார்கள். இது தமிழனுக்கு அழகா? (எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தமிழனுக்கு எது அழகு என்று தமிழர்களுக்கே பாடம் எடுக்கும் வயது.) மூன்று அலமாரிகள் பிடித்தேன். அறம், பொருள், இன்பம். வெளியே கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் அந்த மூன்று சொற்கள், சுற்றிலும் தாமரை. தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

மோட்டார் ரிப்பேர் பொருளுக்குப் போனது. காய்ச்சல், முதலுதவி எல்லாம் அறம், உயிர் காப்பதாயிற்றே! சமையல் இன்பம். பிள்ளை வளர்ப்பும் இன்பம். (அப்போது எனக்குப் பிள்ளை கிடையாது.)

அதோடு பெண்கள் வருவது நின்றது. பட்டப்பகலில் 'இன்பம்' என்று எழுதிய அலமாரி முன்னால் எந்தப் பெண் போய் நிற்பாள்? ஆண்களும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். மலாக்காவில் தலைமுறைகளாக வாழும் செட்டிகளின் பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்து ராஜா, கோயிலில் எங்களைவிடப் பட்டையாகத் திருநீறு பூசுபவர். பேச்சு மட்டும் மலாய், தமிழ் படிக்க வராது. பலகையைப் பார்த்துவிட்டு, "பூ ரொம்ப நல்லா இருக்கு. உள்ளே என்ன இருக்கு?" என்று மலாயில் கேட்டார். அதுதானே எழுதியிருக்கிறது என்று நான் முறைத்தேன்.

ஒரு மாலை, பத்து பெரெண்டாம் ஊருக்குப் பஸ் ஓட்டும் மாணிக்கம் காக்கிச் சட்டையோடு வந்தார். கூடவே அவர் மகள்.

"தம்பி, நாளைக் காலையில எனக்குக் குடியுரிமை நேர்காணல். அதிகாரி மலாய்ல கேள்வி கேப்பாராம். இந்த மேசையில ஒரு மலாய்ப் பேச்சுப் பொஸ்தகம் கெடந்துச்சே, எங்க?"

"நீங்கதான் நாள் பூரா பஸ்ல மலாய் பேசறீங்களே?"

"பயணிங்ககிட்ட பேசிடுவேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்துட்டா நாக்கு ஒட்டிக்குது. இதுல தவறிட்டா நான் எந்த ஊர்க்காரன்? இங்கயே பொறந்த புள்ளைங்கள விட்டுட்டு எங்க போவேன், சொல்லு?"

அறத்தில் தேடினேன், குடியுரிமை என்றால் கடமைதானே. இல்லை. பொருளில் தேடினேன். அங்கேயும் இல்லை.

"நீங்கதானே அடுக்குனீங்க?" என்றாள் மகள். அவள்தான் சரோஜா. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மொழி கற்பது பேரின்பம் என்று ரொம்ப யோசித்து, நானே அதை... "இன்பத்துல பாருங்க" என்று அவளிடமே சொல்லித் தொலைத்தேன்.

மாணிக்கம் குறுக்கே பாய்ந்தார். "என்னாது? வயசுப் பொண்ண எங்க கைய விடச் சொல்ற?"

"ஐயோ, அது மலாய்ப் பொஸ்தகங்க..."

"மலாய்ப் பொஸ்தகத்துக்கு அதுக்குள்ள என்னடா வேல?"

நியாயமான கேள்வி. நானே எடுக்கப் பாய்ந்தேன். மேல்தட்டு எட்டவில்லை, கீழ்த்தட்டில் காலை ஊன்றி ஏறினேன். இன்பம் பொருளின்மேல் சாய்ந்தது. பொருள் அறத்தைத் தள்ளியது. புத்தகம் மொத்தமும் என்மேல் கொட்டியது.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "அலாமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டுக்கொண்டே ராஜா ஓடிவந்து என்னை இழுத்துப் போட்டார். வேட்டி மட்டும் அலமாரிக்கடியில் தங்கிவிட்டது. (உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். சரோஜா இன்றுவரை அதைச் சொல்வதில்லை, கதை கெட்டுவிடுமாம்.)

அவள் என் பக்கமே திரும்பவில்லை. தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கிக் காட்டினாள். "கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்யறதுன்னு இதுல இருக்கு. யாருக்கு வேணும்?" வாசலில் நின்ற ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு உள்ளே வந்துவிட்டாள். "மோட்டார் பாதி வழியில நின்னுட்டா?" சட்டென்று கைகள் நீண்டன. "மீன் ஊறுகா?" பெண்கள் கூட்டமாக நுழைந்தார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அறையில் இப்போது நிற்க இடமில்லை. அடேயப்பா, இத்தனை பேரும் இந்தப் புத்தகங்களுக்காகவா வெளியே நின்றார்கள்! வேட்டி இல்லாததையும் மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

மலாய்ப் புத்தகமும் அகப்பட்டது. ராஜா அதை வாங்கிக்கொண்டு அதிகாரிபோல நாற்காலியில் அமர்ந்தார். "நாமா ஆப்பா?" பெயர் என்ன என்று கேட்டதும் மாணிக்கத்தின் நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்த பெண்கள் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்கள். அவரும் சொன்னார். அடுத்து, "திங்கால் டி மானா?" எங்கே குடியிருக்கிறாய்?

"காஜா பேராங்!" என்று அவரோடு சேர்ந்து அறையே சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுதந்திரக் கொடி ஏறியபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

வெளியே வந்தால், சரோஜா என் தாமரைகளைத் தாவணி முனையால் அழித்துக்கொண்டிருந்தாள். 'பிள்ளைக்குக் காய்ச்சலா? மோட்டார் நின்றுவிட்டதா? குடியுரிமை கேட்கப் போகிறீர்களா? உள்ளே வாருங்கள்' என்று எழுதினாள். ராஜா விவரம் கேட்டு, அதையே கீழே மலாயிலும் எழுதினார். அந்தப் பலகை அப்புறம் தாமரையைப் பார்க்கவேயில்லை. அறையும் காலியாக இருந்ததில்லை.

மாணிக்கம் குடியுரிமை வாங்கிவிட்டார். அடுத்த வருஷம் நான் பெண் கேட்டுப் போனபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம்பொண்ண எந்த அலமாரியில வைப்ப?"

இன்றைக்கும் வீட்டில் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால், "அறத்துல பாத்தீங்களா?" என்றுதான் குரல் வரும்.

போன மாதம் இதே கதையைச் சரோஜா சொல்லக் கேட்டு எழுந்துபோன அமுதா இந்த வாரம் மறுபடி வந்தாள். கட்டங்கள் மூன்றும் காணாமல் போயிருந்தன. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'இன்று உங்களுக்கு என்ன வேண்டும்?' இப்போது கேட்கிறவர்கள் குவிகிறார்களாம். அவள் காட்டக் காட்ட, முன்பின் தெரியாத யார் யாரோ கேட்டது அதில் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அன்றைக்குத் தெருவே உள்ளே வந்ததைப் பார்த்து நின்ற மாதிரியே நின்றேன். (வேட்டியோடு.)

இல்லாத புத்தகத்தைத் தேடினால் மட்டும் ஒரு வரி வருகிறது: 'மன்னிக்கவும், எங்கள் தாத்தா எங்கேயோ வைத்துவிட்டார்.'

அதைப் பார்ப்பதற்காகவே சரோஜா தினமும் உட்கார்ந்து இல்லாத புத்தகமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.