பல்வலியோடு பார்த்த படம்

மூதூர் லாஞ்சுப் படகில் ஏறியபோது மைமூனாவுக்குப் பல்வலி இருக்கவில்லை. ஆனால் மாமியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள். பொய்க்குப் பலம் சேர்க்கக் கன்னத்தைச் சுற்றி ஒரு துணியும் கட்டியிருந்தாள்.

உண்மையில் அவள் போய்க்கொண்டிருந்தது திருகோணமலையில் படம் பார்க்க.

கணவன் அபூதாஹிருக்கு அங்கே துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. டவுனிலேயே தங்கி, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவான். வரும்போது ஒரு உளவாளிப் படத்தின் கதையோடு வருவான். அவன் சொல்லும் உளவாளிக்குப் பசிக்கும். தேயிலைப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கையில் தும்மல் வரும். அதனாலேயே மைமூனாவுக்கு அவை நிசம்போல் இருந்தன.

போன கிழமை சொன்ன கதையில் உளவாளிக்கு ஒரு மனைவி. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது. படகு வரும்போதெல்லாம் கரைக்கு ஓடிவந்து, இறங்குகிறவர்களின் முகங்களைத் தேடுவாள். கடைசி ஆளும் இறங்கிப் போனபின், வெறும் படகையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அவட முகம் எப்படி இருந்த?" என்று மைமூனா கேட்டாள்.

"அத வாயால சொல்ல ஏலா புள்ள. பாக்கணும்."

"அப்ப என்னையும் கூட்டிப் போங்களன்."

"சேச்சே, அங்க ஒரே சனம்."

அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை ஒருமுறை பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

லாஞ்சில் அடுத்த வீட்டு ஸெய்னுதீன் காக்கா இருந்தார்.

"பல்லுவலியா? இந்தா, கராம்பு எண்ணெய்."

மறுத்தால் பிடிபடுவாள். பூசினாள். நன்றாக இருந்த பல்முரசு வெந்து, உண்மையாகவே கன்னம் வீங்கியது. வீக்கத்தைக் கண்ட காக்கா பதறிப்போனார்.

"இது சும்மா விடுற வலி இல்ல. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போறன்!"

ஆஸ்பத்திரியில் முன்கதவால் போய்ப் பின்கதவால் நழுவினாள். உளவாளிகள் அப்படித்தான் தப்புவார்கள் என்று அபூதாஹிர் சொல்லியிருந்தான். பின்கதவுக்கு வெளியே சாக்கடைக் கான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஒரு செருப்பு கானோடு போயிற்று.

ஒற்றைச் செருப்போடு தியேட்டருக்குள் நுழைந்து உட்கார்ந்தாள்.

இங்கிலீஷ் படம். பேச்சு விளங்கவில்லை. ஆனால் சிக்கல் அதுவல்ல. இந்த உளவாளிக்குப் பசிக்கவே இல்லை. பனிமலையிலிருந்து குதித்தான், சட்டை கசங்கவில்லை. பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்திகூட யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பக்கத்துக் கதிரையில் இருந்த நல்லம்மா என்ற பெண்ணிடம் கேட்டாள்:

"உளவாளிட பொஞ்சாதி எப்ப வருவா?"

"ஆர் பொஞ்சாதி?"

"கரையில நிண்டு படகு பாக்கிறவ. போன கிழம வந்தவ!"

நல்லம்மாவுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. எழுந்து நின்று கத்தினாள்: "படத்தை வெட்டிப்போட்டாங்கள்!"

மலிவு டிக்கெட் கலரி விசிலடித்தது. "மனிசியைக் காட்டு! மனிசியைக் காட்டு!" என்று கதிரைகளைத் தட்டினார்கள். படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. டோர்ச்லைட்டும் கையுமாகக் கதிரவேல் ஓடிவந்தான். சனத்துக்கு இடம் காட்டுவதும், வாசலைப் பார்ப்பதும் அவன் வேலை.

எல்லா விரல்களும் மைமூனாவைக் காட்டின. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்தார்கள்.

"ஒரு துண்டும் வெட்டேல்லை அக்கா. அப்பிடி ஒருத்தி இந்தப் படத்திலயே இல்லை. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"என்ட மனிசன். துறைமுகத்தில வேலை செய்யிற அபூதாஹிர். கிழமைக்குக் கிழமை இஞ்சதான் படம் பாக்கிறவர்."

கதிரவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அவரோ? அவர் ஒருநாளும் உள்ளுக்கு வந்ததில்லை அக்கா. வெள்ளிக்கிழமையில வாசல்ல நிண்டு போஸ்டரைப் பாப்பார், பாத்திட்டு, 'லாஞ்சு போயிடும் தம்பி, மனிசி கரையில நிப்பா' எண்டு ஓடுறவர்."