துருப்பிடிக்காத நிர்வாகம்

இரும்பு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து துருவை ஒரே கையெழுத்தில் ஒழித்த மாமனிதர், அந்தப் பள்ளியின் தாளாளர் ஒருவர்தான். பதினெட்டு வயதான பள்ளி வேனுக்கு ஆண்டுதோறும் மஞ்சள் பெயிண்ட் அடிக்கவைத்து, பதிவேட்டில் 'துரு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார். துருவும் பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டு, பெயிண்டுக்கு அடியில் அடக்கமாகத் தன் வேலையைப் பார்த்து வந்தது.

டிரைவருக்குத்தான் நிம்மதி இல்லை. மழை பெய்தால் பின்சீட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கியது. ஒருநாள் அங்கிருந்த கால்மிதியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் தரையை லேசாகக் குத்திப் பார்த்தார். அது கைப்பிடி வரை இறங்கியது. பதறிப்போய், வண்டித் தகடு வேலை பார்க்கும் டிங்கர் கடைக்காரரை அழைத்து வந்தார்.

"மேல பெயிண்ட் அடிச்சு என்னங்க பிரயோஜனம்? அரிச்சுப்போனதை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும். அப்புறம் ப்ரைமர். கதவுக்கடியில தண்ணி வடியற ஓட்டையெல்லாம் மண்ணடைச்சுக் கிடக்கு. அதையும் திறந்துவிடணும்."

டிரைவர் இதை அப்படியே ஒப்பித்தார். தாளாளர் துருவித் துருவி விசாரித்தார்.

"ஓட்டை எப்ப விழுந்துச்சு?"

"நான் குத்தினப்ப சார்."

"அப்ப ஓட்டை போட்டது துருவா, நீயா?"



மறுநாளே 'துரு ஒழிப்புக் குழு' உதயமானது. மூன்று முறை கூடி, ஆழ்ந்து சிந்தித்து, இரண்டு வரலாற்று முடிவுகளை எடுத்தது: ஓட்டையின் மேல் தடித்த ரப்பர் விரிப்பு, டிரைவரின் ஸ்க்ரூடிரைவர் பறிமுதல். விரிப்புக்கு அடியில் டிரைவர் போட்டுவைத்த பலகையும் 'அனுமதியற்றது' என்று அகற்றப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் வண்டியை நத்தைபோல ஏற்றி இறக்கினார்.

ஒருநாள் தாளாளரின் கார் மக்கர் செய்ய, அவர் வேனில் ஏறிப் பின்சீட்டில் அமர்ந்தார்.

"சார், அங்க வேணாம்..."

"குழு பார்த்த இடம்யா. நீ வண்டியை எடு."

மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் ஊர்ந்துகொண்டிருந்த வண்டியைச் சட்டென நிறுத்தினார். தாளாளர் காலை ஊன்றினார். வலது கால் விரிப்போடு சேர்ந்து முழங்கால் வரை இறங்கித் தார்ச்சாலையைத் தொட்டது.

அன்று மாலையே தகடு வெட்டப்பட்டது. வெல்டிங், ப்ரைமர் எல்லாம் முடிந்தது. குழுவின் இறுதி அறிக்கையில் டிரைவரைச் சாட்சிக் கையெழுத்துக்கு அழைத்தார்கள். 'அவ்விடத்தில் இதுவரை எவருக்கும் ஆபத்து இருந்ததில்லை' என்ற வரியில் அவர் பேனா நின்றது.

"சார், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க அஞ்சு பேரு தினம் அந்த சீட்டுலதானே வந்தாங்க?"

கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தாளாளர் பொறுமையாக விளக்கினார்:

"அவங்களுக்குத்தான் காலு தரைக்கே எட்டாதேப்பா!"