கருவாட்டுக் கணக்கில் வாங்கிய கான்டூர் ஸ்டிக்

கெட்டது நடந்தால்கூட எனக்கு ஒரு நிம்மதி உண்டு. இனி அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நல்லது நடக்கும்போதுதான் சோறு இறங்காது. கல்யாணம் நிச்சயமானபோது நான் பட்ட பாடு அப்படி.

மாப்பிள்ளை ரூபனுக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பேசி முடித்ததெல்லாம் பெரியவர்கள். நாங்கள் பார்த்துக்கொண்டது வீடியோ காலில் மட்டும். எனக்கு முகம் வட்டம். (வட்டம் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. தங்கை ஷைனி சொல்வது 'பன்னு'.) அதனால் போனை ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்துவைத்து, கழுத்தை நீட்டி அண்ணாந்துதான் பேசுவேன். அந்தக் கோணத்தில் கன்னம் பாதியாகிவிடும். கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காதல் வளர்த்த பெண் திரேஸ்புரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பங்குச் சாமியார் முன்னால் நின்று ஜெபங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். 'மந்திரம் சொல்வது' என்போம். ரூபன் ஊருக்கு வந்த மறுநாளே அதற்கு ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவளுக்கு மனப்பாடம் என்றாலே பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், என் முகத்தை அவர் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கப் போகிறார் என்பது. பார்த்துவிட்டு, 'நான் பேசின பொண்ணு இது இல்லியே' என்று சொல்லிவிட்டால்?

"கான்டூர் ஸ்டிக் வாங்குக்கா," என்றாள் ஷைனி. "கன்னத்து ஓரமா கோடு இழுத்துத் தேச்சா நிழலு விழுந்த மாதிரி இருக்கும். மொகம் ஒல்லியாத் தெரியும்."

கடைக்குப் போனேன். ஏசி குளிரில் நின்ற விற்பனைப் பெண் கேட்டாள்: "அக்காவுக்கு ஆயிலி ஸ்கின்னா, ட்ரை ஸ்கின்னா?"

இப்படியொரு கேள்வி வரும் என்று ஷைனி சொல்லவில்லை. யோசித்தேன். என் அம்மா கருவாடு போடுகிறவள். உப்பும் வெயிலும் பட்டால் மீன் விறகாகிவிடுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நான் இருப்பதும் அதே உப்புக்காற்றில்தான். மீனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

"ட்ரைதான்," என்றேன். "கடக்காத்துல்லா."

"ஆனா மூக்குல மினுமினுன்னு இருக்கேக்கா?"

"அது பயத்துல வாரது."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். வறண்ட முகத்துக்கும் குளிர் ஊருக்கும் தோதானது என்று வெண்ணெய் போல வழுக்குகிற ஒன்றை எடுத்துத் தந்தாள். நிறத்தில் நான் இருப்பதிலேயே கறுப்பானதைத் தேர்ந்தெடுத்தேன். (கறுப்பு கூடக் கூட ஒல்லியும் கூடும் என்பது என் கண்டுபிடிப்பு.)

மந்திரம் சொல்ல வேண்டிய நாள் காலையில் ஷைனி இழுத்துத் தேய்த்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தால், கன்னத்தில் எலும்பு! எனக்கு அங்கே எலும்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷத்தில் பவுடரைக்கூட மறந்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம்.

சாமியார் பங்களாவில் கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. பின்னால் பெஞ்சில் இரண்டு அம்மாக்களும் ஷைனியும். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ரூபன். நான் திரும்பவே இல்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன். பாதி தாண்டியிருக்கும், கன்னத்தில் எதுவோ ஊர்ந்தது. தாடைக்கு வந்தது. மேசைவிரிப்பில் சொட்டென்று விழுந்தது.

"ஏம்மா, அழுறியா?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர்."

"பிறகு என்ன, காப்பி கலர்ல வடியுது?"

"ஏளா, பிள்ளைக்கு என்னமோ ஆவுது!" என்று மாமியார் பதறி எழுந்தார்.

ரூபன் குனிந்து மேசைவிரிப்பைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல ஃபாதர். ஆயில் லீக்கு. எங்க எஞ்சின் ரூம்ல தெனமும் பாக்குததுதான்."

ஃபாதர் சிரித்தார். அம்மாக்கள் சிரித்தார்கள். ஷைனியின் சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அப்படியே நடந்துபோய்க் கடலில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அப்போது ரூபன் கைக்குட்டையை நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "முழுசாத் தொடச்சிரு மெர்சி. இத்தன நாளா நெத்தியும் மூக்கும்தான் பாத்துருக்கேன். மீதியப் பாக்கத்தான கப்பல்ல இருந்து எறங்கி வந்தேன்."

துடைத்தேன். கைக்குட்டை பாழ். கன்னம் அதன் பழைய வட்டத்துக்கு வந்துவிட்டது. அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டார், சரக்கு சரியாக வந்து சேர்ந்துவிட்டது என்பது போல.

"சரிம்மா, விட்ட இடத்துல இருந்து சொல்லு," என்றார் ஃபாதர். விட்ட இடம் யாருக்கு ஞாபகம்? ரூபன் உதட்டை அசைக்காமல் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஃபாதர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் என் கருவாட்டுக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிறுக்கி! உப்புல காயுதது செத்த மீனுளா! நீ உசுரோடல்லா இருக்க? வேர்க்கத்தான் செய்யும்!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது முகம் வேர்த்தால், "கவலப்படாத, உசுரோடதான் இருக்க," என்போம்.

இப்போது எனக்கு விவரம் தெரியும். எண்ணெய் வழிகிற முகத்துக்கும் எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கும் மினுங்காமல் காய்ந்து ஒட்டுகிற ஸ்டிக்தான் சரி. நம் நிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு போதும், மேலே பவுடர் ஒற்ற வேண்டும். இதைக் கண்டுபிடித்தது நானல்ல, ரூபன். போகிற துறைமுகத்திலெல்லாம் கடைக்காரப் பெண்களிடம், "என் வீட்டம்மாவுக்கு ரொம்ப வேர்க்கும்," என்று கைஜாடையில் விளக்கி வாங்கி வருகிறார். விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்கிறேன். வடிவதில்லை.

ஆனால் கப்பலிலிருந்து கூப்பிட்டால் முதல் வார்த்தை இன்றும் அதேதான்: "ஃப்ரிட்ஜுல இருந்து எறங்குளா."

போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே வராது. நெட்வொர்க் போய்விட்டதோ, கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்கு உடனே வேர்த்துவிடும்.

"இருக்கேன்ளா," என்பார். "பாத்துக்கிட்டு இருக்கேன்."