தும்பியைத் திருத்தியவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உயிரோடு இருப்பவர்களை எல்லாம் குறை சொல்லி முடித்துவிட்டு, செத்துப்போனவரிடம் வம்புக்குப் போன ஒரே மனிதர் எங்கள் ‘செவப்பு இங்க்’தான்.

கார் உதிரி பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் டிராயிங் செக்கர். நாங்கள் வரைவதில் தப்பு கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவது அவர் வேலை. நான் வரைந்த ஒரு சின்ன பிராக்கெட்டைப் பதினோரு முறை திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாவது முறை, “முதல்ல போட்டதே கரெக்டு நைனா, அத்தையே குடு” என்றார். அன்று நான் செய்ய நினைத்ததைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

வேலை நேரம் முடிந்தாலும் அந்தப் பேனா மூடாது. கேன்டீன் தோசையை ஸ்கேல் வைத்து அளந்து, “இது வட்டம் இல்ல, முட்டை” என்று மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். சக ஊழியர் ஒருவர் கொடுத்த கல்யாணப் பத்திரிகை நான்கு திருத்தங்களோடு அவரிடமே திரும்பி வந்தது. அதில் ஒன்று, மாப்பிள்ளை படிப்புக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கவும்’.

இந்த நிலையில்தான் ஒரு ஜனவரியில் பேரிங் சப்ளையர் ஒருவர் எங்களுக்குக் காலண்டர் கொடுத்தார். முதல் பக்கத்தில் பழைய காலத்துத் தும்பிப் படம், தட்டான் என்போமே அது. நம் கடற்கரைப் பக்கம் பிடித்து, காயவைத்து, கப்பலில் அனுப்பியதைப் பார்த்து எவரோ வெள்ளைக்காரர் வரைந்தது என்று கீழே போட்டிருந்தது. பழுப்பு உடம்பு. இறக்கையில் தலைமுடியைவிட மெல்லிய நரம்புகள், நூற்றுக்கணக்கான குட்டிக் கட்டங்கள். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். செவப்பு இங்க் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குள் படம் முழுக்கச் சிவப்பு வட்டம்.

“இந்தாண்ட ரெக்கை நுனில பதினோரு கட்டம், அந்தாண்ட பன்னெண்டு. ரெண்டு பக்கமும் மேட்ச் ஆவல. கலரும் தப்பு. எங்க சேக்காட்டுல கீற தட்டான்லாம் ரத்தச் செவப்பா கீது. இது இன்னா, காஞ்ச புளி கலரு?”

“சார், வரைஞ்சவர் செத்து இருநூறு வருஷம் ஆகியிருக்கும்.”

“செத்துட்டா தப்பு சரியாயிடுமா நைனா?”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘திருத்தி மறுபடி அச்சிடவும்’ என்று சப்ளையருக்கே கடிதம் போட்டுவிட்டார். சப்ளையர் மேனேஜருக்குப் போன் செய்தார். மார்ச்சில் செவப்பு இங்க் ரிட்டையர் ஆக வேண்டும். ஒரு வருட நீட்டிப்புக் காகிதம் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எங்கள் மேனேஜருக்குத் தும்பிக்கும் தும்பிக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எந்தக் காகிதத்தை எப்போது பிடித்துவைக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

“சப்ளையருக்கு ஒரு வரி சாரி மெயில் போடுங்க. நான் உடனே சைன் பண்ணிடறேன்” என்றார்.

“தப்பத் தப்புன்னு சொன்னதுக்கு எதுக்கு சார் சாரி?”

“தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? நிஜத் தும்பியோட இறக்கைக் கட்டத்தை எண்ணிப் பாத்திருக்கீங்களா?”

செவப்பு இங்க் பேனாவை மூடியதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் திருநின்றவூர்க்காரன், ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அது மட்டுமே என் குற்றம். குச்சியில் கட்டிய கொசுவலையோடு அவரும், எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு நானும் ஏரிக்கரையில் ஓடினோம். அரை மணி நேரத்தில் அவர் முழங்கால்வரை சேற்றில் இருந்தார். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, மீனா?”

“தட்டான்.”

“துன்றதுக்கா?”

ஒருவழியாக ஒன்று சிக்கியது. அவர் சொன்னபடியே ரத்தச் சிவப்பு. “பாத்துக்கோ” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைக்காரரை ஜெயித்த பெருமை அவர் மீசையில் சேறோடு சேர்ந்து ஒட்டியிருந்தது.

திங்கள்கிழமை ஆபீசில் எல்லோர் முன்னிலையிலும் டிபன் பாக்ஸைத் திறந்தார். தும்பி செத்துக் காய்ந்திருந்தது. சிவப்பைக் காணோம். காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே காய்ந்த புளி நிறம்.

பூதக்கண்ணாடியை எடுத்து இறக்கை நுனிக் கட்டங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். ஒரு பக்கம் பன்னிரண்டு, மறு பக்கம் பதின்மூன்று.

“அந்த ஆளு கரெக்டாத்தான் போட்டுகிறான் நைனா. கண்ணு முன்னாடி இன்னா இருந்திச்சோ அத்த அப்படியே போட்டுகிறான். நான்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு நெனச்சுகினு இருந்துட்டேன். இதுக்குப் போயி ஒரு உசுர வேற எடுத்துட்டேன்.”

நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“என் மேலதான் சார் தப்பு.”

“அப்பாடா. சப்ளையருக்கு மெயில் போட்டுடுங்க.”

“அவருக்கு எதுக்கு சார்? அவரு அச்சடிச்சாரு, அவ்ளோதான். சாரி வரைஞ்சவன் கையிலதான் கேக்கணும்.”

வெளியே வந்து, வெள்ளை மை வாங்கிவரச் சொல்லி, சாப்பாட்டு நேரம் முழுக்கக் காலண்டர் முன் நின்று தான் போட்ட வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். படம் அம்மை வார்த்ததுபோல் ஆகிவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். பக்கத்தில் போய் நின்றபோது, “மன்னிச்சுக்கோ வாத்யாரே” என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. அதற்கப்புறம் சிரிக்க வரவில்லை.

மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் கடைசியில் மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் மூன்று நிமிடம் பின்னால் ஓடுவதாக மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது சேக்காட்டு வீட்டில் தானே தும்பி வரைகிறார். உயிரோடு, உட்கார்ந்திருப்பதைப் பார்த்து. அது பறந்துவிட்டால் திரும்பி வரும்வரை காத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, உடனே போன் செய்து “இன்னா தப்பு கீது, சொல்லு” என்கிறார். ஒன்றுமில்லை என்றால் “சர்தான்” என்று வைத்துவிடுகிறார். அதனால் நான் கால், கண், நிழல் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தப்புக்கும் ஐந்து நிமிடமாவது பேசுவார்.