மெல்போர்னில் நான் திருப்பாத சாவி

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். இது தன்னடக்கம் இல்லை. ஒலிம்பிக் பந்தயத்துக்கே கேமராவோடு போய், எட்டே எட்டுப் படங்களில் அத்தனையையும் நாசமாக்கிவிட்டு வந்தவன் நான். அந்த எட்டில் ஒன்று இன்னமும் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மழத்தண்ணி பட்டுடுச்சா?" என்று கேட்பார்கள்.

1956ஆம் வருஷம். எனக்கு இருபத்துநாலு வயது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பதனிட்ட தோல் ஏற்றிப்போகும் ஒரு சரக்குக் கப்பலில், சமையல்காரருக்கு அடுத்த ஆளாக வேலை. (அடுத்த ஆள் என்றால் வெங்காயம் உரிப்பவன். ஊரில் 'கப்பல் ஆபீசர்' என்று சொல்லிவைத்திருந்தேன்.) கப்பல் மெல்போர்னுக்குப் போகிறது, போய்ச் சேரும்போது அங்கே ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும் என்று ராயபுரம் முழுக்கத் தம்பட்டம் அடித்ததும் நானேதான்.

கேள்விப்பட்டு முதலில் வந்தவன் அன்வர். என் தோஸ்து. துறைமுகத் தொழிலாளர் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடுகிறவன். ஓடியவன் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாரம் தூக்கும் கயிறு அறுந்து ஒரு தோல் கட்டு அவன் இடது காலின்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஆட்டம் நடந்தால்கூட ஜன்னலைச் சாத்திக்கொள்வான். அப்படிப்பட்டவன் கட்டை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கறுப்புப் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தான். ஒரு ஜோடி தோல் செருப்புக்குப் பதிலாக ஏதோ வெளிநாட்டு மாலுமி அவனுக்குக் கொடுத்த பெட்டிக் கேமரா.

"மாமு, நம்ம பசங்க அங்க ஃபுட்பால் ஆடுறானுங்க. நீ பெர்சா ஒண்ணும் பண்ண வாணாம். கோலு வுயுற நேரத்துக்கு ஒரு படம். காலு, பந்து, போஸ்ட்டு, மூணும் அதுல வரணும். அவ்ளோதான்."

"பேப்பர்லயே போடுவானே அன்வரு."

"பேப்பர்ல வர்றது பேப்பர்காரன் பாத்தது. நான் ரெண்டு வருசமா ஒரு கோலு பாக்கல. நேர்ல பாக்க மனசு வரல. படத்துல பாத்தா தாங்கிக்குவேன்னு தோணுது."

சரி என்று தலையை ஆட்டினேன். அவன் கேமராவின் பக்கவாட்டில் இருந்த திருகுச் சாவியைக் காட்டினான்.

"ஒரு படம் புடிச்சதும் இத்த திருப்பணும். பின்னால செவப்புக் கண்ணாடியில அடுத்த நம்பர் வர்ற வரைக்கும். திருப்பலேன்னா ஒரு படத்து மேல இன்னொண்ணு குந்திக்கும். புரிஞ்சிதா?"

"இதுல புரியறதுக்கு இன்னா கீது" என்றேன். அவ்வளவு தெளிவாக இருந்தேன்.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். நடுக்கடலிலேயே ஐந்து போயிற்று. சமையல்காரருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியை ஒளித்து வைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். ஒரே கோட்டை இன்னும் நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். கப்பலில் கேமரா வைத்திருப்பவன் யாருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மெல்போர்னில் இறங்கும்போது என் கையில் மூன்று படங்கள்தான் பாக்கி.

சரக்கு இறக்கிய தொழிலாளிகளில் ஜாக் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். எங்கள் பருப்புக் குழம்பை ஒரு நாள் ருசி பார்த்தவர், மறுநாளிலிருந்து தினமும் தட்டோடு வந்து நின்றார். அவரிடம் கால்பந்துக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட்டம். குழம்புக்கு நன்றியாக என்னைக் கூப்பிட்டார். தன் நாடு ஜெயிப்பதை எனக்குக் காட்ட வேண்டும் என்கிற ஆசையும் இருந்திருக்கலாம்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் விளையாடியதெல்லாம் கரித்தூளும் சரளையும் கலந்த தரையில். விழுந்தால் முட்டி கறுத்துவிடும். இங்கே கண்ணுக்கு எட்டியவரை புல். அந்தப் பச்சையில் யாரோ காலை வைத்து ஓடப்போகிறார்கள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. குனிந்து தொட்டுப் பார்க்கலாம் என்றால் நடுவில் வேலி. பிறகு நம் ஆட்கள் பதினொரு பேர் வரிசையாக வந்தார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கறுத்த முகங்களை எனக்குத் தெரியும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற முகங்கள். சமுத்திரத்தைத் தாண்டி வந்து இத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றார்கள். ஜாக் என்னைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினார்.

எங்களுக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே இடம். ஆனால் முதல் பாதியில் நம்மவர்கள் தாக்கியது எதிர்ப்பக்கக் கம்பத்தை. ஒன்பது பத்து நிமிஷத்தில் முதல் கோல். நான் அழுத்தினேன். (அதில் பதிந்தது எனக்கு முன்னால் துள்ளி எழுந்தவரின் தொப்பி.) மகிழ்ச்சியோடு சாவியைத் திருப்பினேன். சிவப்புக் கண்ணாடியில் ஏழு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்திரேலியா ஒரு கோல் போட்டது.

அதில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது கோலையும் நம்மவர்கள் போட்டார்கள். அழுத்தினேன். (புல்வெளி. தூரத்தில் எறும்புகள்.) சாவியைத் திருப்பினேன். எட்டு வந்தது. ஆஸ்திரேலியா மறுபடியும் சமன் செய்தது.

இங்கேதான் நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா திருவொற்றியூர்க் குப்பத்தில் கரைவலை இழுத்தவர். வலையில் மீன் விழுந்துகொண்டிருக்கும்போது கயிற்றைப் பிடித்தவன் கையை மாற்றக் கூடாது என்பது அவருடைய சட்டம். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. ஒருமுறை என் சித்தப்பா கை மாற்றிப் பிடித்ததால்தான் வலை காலியாக வந்தது என்று இருபது வருஷம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்த ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. இரண்டு கோலுக்கு இரண்டு முறை திருப்பினேன், இரண்டு முறையும் அடி விழுந்தது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இடைவேளைக்கப்புறம் நம்மவர்கள் எங்கள் பக்கத்துக் கம்பத்தை நோக்கி வந்தார்கள். புல் பெயரும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், எல்லாம் கேட்டது. மூன்றாவது கோல் என் முகத்துக்கு நேராக விழுந்தது. காலு, பந்து, போஸ்ட்டு, அன்வர் கேட்ட மூன்றும் அதில் இருந்தன. அழுத்தினேன். சாவியைத் தொடவில்லை. அதோடு கேமராவைக் கீழே வைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் அடுத்த முறை அவர்கள் பாய்ந்து வந்தபோது விரல் தானாக அழுத்திவிட்டது. ஜாக் என் தோளைத் தட்டிச் சாவியைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். நான் எந்திரம் தெரியாத ஆள் என்று நினைத்து அவரே கையை நீட்டினார். சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பாவிட்டால் அன்வரின் படம் போய்விடும். திருப்பினால் ஆட்டம் போய்விடும். வியர்வை வழிய வழிய அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்வரே இங்கே இருந்தால் எதைச் செய்வான் என்று யோசித்தேன். திருப்பவில்லை.

நாலாவது கோலும் விழுந்தது. அதே படத்தின்மேல் அழுத்தினேன். கடைசி விசிலுக்கும் ஒரு தடவை. நாலுக்கு இரண்டு. பெரியவர் ஜாக்கின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. "உங்கள் ஊர்க்காரர்கள் நன்றாக ஆடினார்கள். நீ மட்டும் கொஞ்சம் முரடு" என்றார்.

ஊர் திரும்பி, அன்வரிடம் சுருளைக் கொடுத்துவிட்டு நாலு நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். பாயில் எட்டுப் படங்களையும் பரப்பி வைத்திருந்தான். கோட்டு ஐந்து, தொப்பி ஒன்று, எறும்பு ஒன்று. எட்டாவதைக் கையில் வைத்திருந்தான். வெளிறிப்போன புகைமூட்டம். அதற்குள் கணக்கில்லாத கால்கள், சாய்ந்த கம்பங்கள், நாலு இடத்தில் பந்து. நான் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "மன்னிச்சிக்க நைனா" என்றேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"டேய், ஓரத்துல பந்த எடுத்துகினு உள்ள பூந்தா இப்பிடித்தான் தெரியும். எந்தக் காலு எவன் காலுன்னு புரியாது. பந்து நாலு எடத்துல கீற மாரி இருக்கும். இத்த எந்தப் பேப்பர்காரனும் எட்த்ததில்ல." படத்தின் நடுவில் விரலை வைத்தான். "நான் இருந்தா இந்த சந்துல பூந்து போயிருப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்துக்கு வந்தான். கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடியவர்களை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தான். எனக்கு உயிர் வந்தது.

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் திரும்பி வரும் வழியில் அன்வர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தான்.

"அதுக்கு அடுத்த ஆட்டத்துல, செமி ஃபைனல்ல, நம்ம பசங்கதான மொதல்ல கோலு போட்டானுங்க. அப்புறம் இன்னா ஆச்சி? நீ போவலியா?"

"போவல. கப்பல்ல ரேடியோ கேட்டுகினு இருந்தேன். மொத கோலு வுயுந்ததும் சந்தோசத்துல..."

"சந்தோசத்துல?"

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் கப்பல் கிளம்ப வேண்டும். உப்புக்காற்றில் சுருள் கெட்டுவிடும் என்று கழற்றி வைக்க நினைத்தேன். கழற்ற வேண்டுமென்றால் கடைசிவரை சுற்ற வேண்டும். மைதானத்துக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது என்று எண்ணிவிட்டேன்.

"சாவிய திருப்பினேன்" என்றேன்.

அன்வர் நடுத்தெருவில் கட்டையை ஊன்றி நின்றான். "எத்தினி சுத்து?"

"நாலஞ்சி இருக்கும்."

நம் வலைக்குள் அன்று விழுந்தது நாலு கோல். பதக்கமும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் என் வீட்டில் யாருக்காவது நல்ல சேதி வருகிற மாதிரி இருந்தால், போன வருஷம் பேரன் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட, என் மகள் முதலில் செய்கிற காரியம் என் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைப்பதுதான். "அப்பா, நீ எதையும் திருப்பாம இரு" என்பாள். நானும் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருப்பேன், மூக்கு அரித்தாலும்கூட.